பொட்டு வைத்த மவுஸ்

ஆயுதபூஜைக்கு மறுநாள் காலை நல்ல நேரம் பார்த்துத் தறிகளை ஓடவிட்டார்கள். எல்லாத் தறியும் ஓடியது. வாசலில் மாலை போட்டு நின்ற பைக்கும் ஒரே உதையில் கிளம்பியது. முரண்டு பிடித்தது ஒன்றே ஒன்றுதான், கம்ப்யூட்டர் மேசைமேல் இருந்த வயர்லெஸ் மவுஸ். அடியில் எரிய வேண்டிய சிவப்பு விளக்கு எரியவில்லை.

மஞ்சு மேசையோடு ஒட்டி ஒடுங்கினாள். மவுஸுக்காக இல்லை. பின்னால் நின்ற புருஷன் சுரேஷ்பாபுவின் மூச்சு மாறியதைக் கேட்டுத்தான். கல்யாணமான புதிதிலேயே அந்த மூச்சின் அர்த்தம் அவளுக்குப் பாடமாகிவிட்டது.

ஆந்திர எல்லையில் இருக்கும் நகரியில் விசைத்தறி வைத்திருப்பவர்கள் பட்டுப் பார்டருக்கும் முந்தானைக்கும் வெளியில் டிசைன் வாங்குவார்கள். இந்த வீட்டில் மஞ்சுவே மவுஸைப் பிடித்து வரைந்துவிடுவாள். மயிலை அவள் வரைந்தால் கழுத்து நெளியும். மாங்காயை வரைந்தால் காம்புகூடச் சரியாக இருக்கும். ஊரில் அதற்குப் பேர் என்னவோ சுரேஷ்பாபு டிசைன். அதைப் பற்றி அவள் கவலைப்பட்டதே இல்லை. அந்த மேசையின் முன் உட்கார்ந்து வரைகிற நேரம் மட்டும்தான் அவளுக்கு யார் பயமும் இல்லாத நேரம். அவளுக்கென்று இருந்த சொத்து அந்த வலது கை ஒன்றுதான்.

திருப்பதி ஜவுளிக்கடைக்கு அன்றைக்குள் ஒரு முந்தானை டிசைன் போய்ச் சேர வேண்டும். சுரேஷ்பாபு கம்ப்யூட்டரின் பின்னால் செருகியிருந்த சின்ன ரிசீவரைப் பிடுங்கி, வேட்டியில் துடைத்து, வேறு துளையில் செருகினான். எரியவில்லை. புது பேட்டரி செல் போட்டான். செல்லை உள்ளங்கையில் தேய்த்துப் போட்டான். பல்லால் கடித்துப் போட்டான். அப்புறம் மவுஸை மேசையில் ஓங்கி ஓங்கி அடித்தான். அதற்கு வலிக்குமா என்ன? வலிக்கிற இடம் தேடி அவன் கை மஞ்சுவின் கன்னத்துக்கு வந்தது.

"இன்னாடி பண்ண இத? நாள் பூரா நீதானே இங்க குந்திக்கினு கீற?"

"நான் தொடவே இல்லீங்க. பூஜையில வச்சது வச்சபடி கீது."

"குடிபாலாவுல கீற அம்மா வூட்டுக்கு அனுப்பலன்னு வேணும்னே கெடுத்து வச்சிருக்க." இன்னொரு கன்னத்திலும் விழுந்தது. காதுக்குள் ஊளைச் சத்தம் கிளம்பியது.

என்ன கோளாறு என்று மஞ்சுவுக்குத் தெரியும். முந்தின நாள் பூஜையில் அவள் கண்ணெதிரே நடந்ததுதான். பொட்டு வைக்கிற வேலையைச் சுரேஷ்பாபு யாருக்கும் விடமாட்டான். செத்துப்போன அவன் நைனா தறி மோட்டாரின் மூடியைக் கழற்றி உள்ளேயே பொட்டு வைப்பாராம். உயிர் எங்கே இருக்கிறதோ அங்கே வைக்க வேண்டுமாம். மகன் அதை அப்படியே பிடித்துக்கொண்டான். பன்னீரில் குழைத்த சந்தனத்தைக் கட்டைவிரலில் வழித்தெடுத்து, மவுஸின் அடிமூடியைத் திறந்து, செல் உட்காரும் கம்பிச்சுருள்மேல் அப்பினான். அதன்மேல் குங்குமம். 'அங்க வேணாங்க' என்று மஞ்சு வாயெடுத்தாள். சாமி காரியத்தில் பேசாதே என்று ஒரு முறைப்பு வந்தது, வாயை மூடிக்கொண்டாள். வைத்த பொட்டைக் கையால் துடைப்பது பாவம், தானாகத்தான் உதிர வேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம். புது செல்லையும் அந்தச் சந்தனத்தின் மேலேயே வைத்து அழுத்திவிட்டு விளக்கு எரியவில்லை என்று குதிக்கிறான் மனுஷன்.

மூன்றாவது அறைக்குக் கை ஓங்கியபோது அவள் சொல்லிவிட்டாள்.

"நீங்க வச்ச சந்தனந்தாங்க. கம்பி மேல காஞ்சி போயி கீது. தொடச்சா எரியும்."

சொன்னதில் ஒரு எழுத்துப் பொய் இல்லை. அந்த வீட்டில் அதைவிடப் பெரிய குற்றம் வேறில்லை.

"எங்க நைனா பூஜையக் குத்தம் சொல்றியா?" என்று கத்திக்கொண்டே அவன் ஜன்னலோரம் கிடந்த நாடாவை எடுத்தான். தறியில் நூல் சுமந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாய்கிற மரக்கட்டை அது. இரண்டு முனையிலும் இரும்பு. மூடியைத் திறந்து காட்டலாம் என்று மஞ்சு நீட்டிய வலது கை மேசைமேல் இருந்தது. நாடா அந்தக் கைமேல் இறங்கியது. இழுத்துக்கொள்வதற்குள் அவன் மணிக்கட்டை அழுத்திப் பிடித்து மறுபடி அடித்தான். காய்ந்த முருங்கைக் குச்சி ஒடிகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகும் அடித்தான். கீபோர்டு எழுத்துகளுக்கிடையே ரத்தம் இறங்கியது.

மஞ்சு கத்தினாள். தறிகள் அதைவிடச் சத்தமாகக் கத்தின. தறிக்காரன் பாஸ்கர் ஒருமுறை எட்டிப் பார்த்தான், உடனே அறுந்த இழை எதையோ முடிபோடக் குனிந்துகொண்டான். அவன் நாசமாய்ப் போக.

கை வீங்கியது. நடுவிரல் பக்கவாட்டில் திரும்பி நின்றது. அதைப் பார்த்துச் சுரேஷ்பாபு கொஞ்சம் நிதானத்துக்கு வந்தான். அழுதான், காலைத் தொடப் போனான் என்றெல்லாம் எதிர்பார்க்க வேண்டாம். ஈரத் துண்டை அவள் கையில் சுற்றினான்.

"எவனாச்சும் கேட்டா பாத்ரூம்ல வழுக்கி வுந்தேன்னு சொல்லு."

இதற்கு முன் உதடு கிழிந்தபோதும் அதையேதான் சொல்லியிருந்தாள்.

வேறு மவுஸ் வாங்கினால் தீர்ந்துவிடும். ஆனால் பூஜை போட்ட பொருளை மறுநாளே ஒதுக்கினால் வருஷம் முழுக்கத் தொழில் படுத்துவிடும் என்று அவன் நம்பினான். அதை விற்ற கம்ப்யூட்டர் கடை திருப்பதியில் இருந்தது. மவுஸைச் சட்டைப்பையில் போட்டு, கையையும் வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிப் பெண்டாட்டியைப் பைக்கில் ஏற்றிக் கிளம்பினான்.

வழியில் புத்தூர். எலும்பு ஒடிந்தவர்கள் எங்கெங்கிருந்தோ கட்டுப்போட வந்து இறங்குகிற ஊர். சாலையோரம் கையைத் தூளியில் தொங்கவிட்டவர்கள் நின்றிருந்தார்கள். பைக் மெதுவாகப் போகும் என்று மஞ்சு நம்பினாள். போகவில்லை.

"நிறுத்துங்க. இங்கதான் கட்டுவாங்க. வெரலு மடங்காம போயிடும்ங்க."

"மொதல்ல மவுஸு. வரும்போது கட்டிக்கலாம்."

அவள் துண்டைப் பார்த்தாள். சிவப்பு ஊறிப் பரவிக்கொண்டிருந்தது. இனி மயிலின் கழுத்து நெளியுமா என்பதைத் தவிர வேறு எதுவும் அவள் மனசில் ஓடவில்லை. புத்தூர் முதுகுக்குப் பின்னால் போய் மறைந்தபோது அவளுக்கு அழுகை நின்றுவிட்டது. அவன்மேல் இருந்த பயம்கூட ஏதோ ஓர் இடத்தில் கழன்று விழுந்ததுபோல் இருந்தது.

திருப்பதிக் கடையில் ரிப்பேர் பார்ப்பவள் கௌசிகா, மஞ்சுவைவிடச் சின்னவள். மவுஸை வாங்கியவள் கண்ணை மஞ்சுவின் கையிலிருந்து எடுக்கவில்லை.

"ஏமைந்தி அக்கா?" என்ன ஆச்சு என்று தெலுங்கில் கேட்டாள்.

"பாத்ரூம்ல வழுக்கி வுந்துட்டா," என்றான் சுரேஷ்பாபு. "நீ மிஷினப் பாரு."

கௌசிகா அடிமூடியைத் திறந்து செல்லை எடுத்தாள். உள்ளே சந்தனம் பாறையாகக் காய்ந்திருந்தது. "இதி எவரு பெட்டாரு?" என்று சிரித்தேவிட்டாள். யார் வைத்தது என்று அவள் கேட்டதும் அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டான். ஊசியால் சுரண்டி, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுக் கம்பிச்சுருளைத் துடைத்தாள். அடித்த அடியில் ஒரு கம்பி பலகையை விட்டுக் கழன்றிருந்தது. சால்டரிங் அயர்னைச் சூடு ஏற்றி, ஈயம் உருக்கி அதை ஒட்டவைத்தாள். செல்லைப் போட்டதும் சிவப்பு விளக்கு எரிந்தது.

காலையிலேயே ஒரு சின்னத் துணியால் முடிந்திருக்க வேண்டிய வேலை.

"சூடு அக்கா," என்று கௌசிகா மவுஸை மஞ்சுவின் பக்கம் தள்ளினாள். தெலுங்கில் 'சூடு' என்றால் பார்; ஓட்டிப் பார்க்கச் சொன்னாள். தள்ளிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. மஞ்சு துண்டைப் பிரித்து அந்தக் கையை மேசைமேல் வைத்தாள். விரல்கள் கறுத்து, ஒன்றோடொன்று சம்பந்தமில்லாமல் கிடந்தன. கடையில் நின்ற வேறொரு ஆள் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"முதல்ல ஆஸ்பத்திரி போங்க சார்," என்றாள் கௌசிகா தமிழில்.

"அதெல்லாம் எங்க வூட்டு விஷயம்." சுரேஷ்பாபு மவுஸைப் பையில் போட்டுக்கொண்டான். "எய்ந்திரு. வூட்டுக்குப் போயி டிசைன முடி. லெஃப்ட்ல புடிச்சிப் போடு. அப்புறமாப் புத்தூர் போலாம்."

மஞ்சு எழவில்லை. அவன் பிடித்து இழுத்தான். இழுப்பதற்கு அவனுக்குக் கிடைத்தது அந்த வலது கைதான்.

கண்ணுக்குள் வெள்ளையாக ஏதோ வெடித்தது. அவளுடைய இடது கை மேசையில் தடவியது. ஸ்டாண்டில் நின்ற சால்டரிங் அயர்ன் அகப்பட்டது. லெஃப்ட்ல புடி என்று அவன்தானே சொன்னான்? பிடித்தாள். தன் மணிக்கட்டை இறுக்கியிருந்த அவன் புறங்கையில் வைத்து அழுத்தினாள்.

மயிர் கருகியது, அப்புறம் தோல். சுரேஷ்பாபு போட்ட கூச்சலை அமுக்க அங்கே தறி ஏதும் ஓடவில்லை. எதிர்க்கடைக்காரர்கள் ஓடிவந்தார்கள். அவன் கையை விடும்வரை அவளும் அயர்னை எடுக்கவில்லை. அவன் விட்டான். தரையில் உட்கார்ந்து கையை உதறிக்கொண்டு அம்மா அம்மா என்றான். அந்த வாயிலும் அம்மா இருப்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

கௌசிகா இரண்டு பேரையும் ஒரே ஆட்டோவில் ஏற்றித் தானும் உடன் வந்தாள். ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் பக்கத்துப் பக்கத்து ஸ்டூலில் உட்காரவைத்தார்கள். சுரேஷ்பாபு அவள் காதருகே குனிந்தான். குரலில் முதன்முறையாகக் கெஞ்சல் இருந்தது.

"வழுக்கி வுந்தேன்னு சொல்லு மஞ்சு. நானும் சூடு தானாப் பட்டுச்சின்னு சொல்லிடறேன். ரெண்டு பேருக்கும் நல்லது. இல்லன்னா உன்னையும் உள்ள வச்சிடுவாங்க."

பயம் காட்டுகிறானா, பேரம் பேசுகிறானா? இரண்டும்தான். அவன் சொன்னதில் உண்மையும் இருந்தது.

டாக்டர் துர்காதேவி மஞ்சுவின் விரல்களைத் தொடாமல் குனிந்து பார்த்தார். இரண்டு விரலுக்கு ஆபரேஷன் வேண்டும், நடுவிரல் மடங்குமா என்பதை இப்போது சொல்ல முடியாது என்றார். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு, எப்படி ஆனது என்று இரண்டு பேரையும் பொதுவாகக் கேட்டார்.

"வழுக்கி..." என்று ஆரம்பித்தான் சுரேஷ்பாபு.

"இல்லீங்க மேடம்," என்றாள் மஞ்சு. "என் கைய இவரு ஒடச்சாரு, தறி நாடாவால. இவரு கைய நான் சுட்டேன். ரெண்டையும் எழுதிக்கோங்க."

டாக்டர் நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுத ஆரம்பித்தார். சுரேஷ்பாபுவின் சட்டைப்பையில் மவுஸின் சிவப்பு விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.