ராடு தீரும்வரை

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. கடலூரில் நான் வெல்டிங் சொல்லிக் கொடுக்கிற பெண்கள் எனக்கு 'கிரைண்டர் ஜான்சி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வைக்கட்டும்.

அன்றைய கோபத்துக்கு நியாயம் இருந்தது. என் மாணவி தவமலரின் பெற்றோர் மன்னாரிலிருந்து படகேறி வந்தவர்கள். இவள் பிறந்ததே சிதம்பரம் ரோட்டு அகதிகள் முகாமில். சிப்காட் பக்கம் ஒரு பைப் கம்பெனியில் வெல்டர் வேலை ஒன்று காலியாக இருந்தது. செவ்வாய்க்கிழமை டெஸ்ட். அதே செவ்வாய்க்கிழமை முகாமில் ஆள் சரிபார்ப்பு. கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் பதிவு போய்விடும், அப்புறம் ஆபீஸ் ஆபீஸாக அலைய வேண்டியதுதான்.

"விடுங்கோ அக்கா, அடுத்த முறை பாப்பம்" என்றாள்.

"அடுத்த முறையாவது மண்ணாவது! நீ போக முடியலன்னா டெஸ்ட்டு இங்க வரும்டி."

கம்பெனி இன்ஜினியர் திருநாவுக்கரசுக்கு போன் போட்டேன்.

"முகாமுக்கு வந்து டெஸ்ட் எடுக்கறதா? என்னம்மா, வெளையாடுறியா?"

"ஒரு மணி நேரம் வாங்க சார். அவ வேல புடிக்கலன்னா இனிமே உங்க கேட்டுப் பக்கமே வரமாட்டேன்."

"அதுக்காகவே வரலாம் போல" என்று சிரித்தார். செவ்வாய்க்கிழமை காலை நான் குட்டியானை வண்டியில் மெஷினையும் ஜெனரேட்டரையும் ஏற்றிக்கொண்டு போனேன்.

முகாம் வாசலில் அதிகாரி மேசை போட்டுப் பெயர் கூப்பிட்டுக் கொண்டிருந்தார். கொஞ்சம் தள்ளி, திருநாவுக்கரசு பார்த்துக்கொண்டு நிற்க, தவமலர் இரண்டு பைப்பை ஒட்ட ஆரம்பித்தாள். ஒரு வெல்டிங் ராடு எரிந்து தீரும்வரை கை நிற்கக் கூடாது. நடுவில் எடுத்தால், தண்ணீர் ஏற்றிச் சோதிக்கும்போது அந்த இடத்தில்தான் கசியும். கடைசி ராடு பாதியில் இருக்கும்போது "தவமலர்!" என்று குரல் வந்தது.

அவள் அசையவில்லை.

"தவமலர்! ஆளு இல்லியா?"

"தோ இருக்கா சார்!" என்று கத்தினேன்.

"மூஞ்சியக் காட்டச் சொல்லும்மா. முகமூடியப் பாத்தா டிக் போட முடியும்?"

பேனாவோடு எழுந்து வந்தவர் தீப்பொறியைக் கண்டு நின்றுவிட்டார். பாவி மகள், அப்போதும் கையை எடுக்கவில்லை. ராடு தீர்ந்த பிறகுதான் முகமூடியைத் தூக்கினாள். முகமெல்லாம் வியர்வை.

"மன்னிக்கோணும் ஐயா. நடுவில விடேலாது."

அவர் டிக் போட்டுவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

பைப் ஆறியதும் திருநாவுக்கரசு தண்ணீர் நிரப்பி, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றினார். ஒட்டிய இடத்தைச் சுற்றி விரலால் தடவினார்.

"ஒரு சொட்டு இல்ல. திங்கக்கெழம வேலைக்கு வரட்டும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "இன்னும் என்னடி நிக்கிற, கேபிளச் சுருட்டு" என்று அவளை அதட்டினேன்.

அதற்குள் அதிகாரி கையெழுத்துக்கு அவளைக் கூப்பிட்டார்.

"தொழில், கூலின்னு இருக்கு. அப்படியே இருக்கட்டுமா?"

"இல்லை ஐயா, அதை அழிச்சிடுங்கோ" என்றாள். "வெல்டர்."