நனையக் கூடாத மாவுக்கட்டு

பூங்கோதைக்கு அன்னிக்கு மழையப் பத்தி பயமே இல்லங்க. புருசன் அர்ச்சுனன் கால்ல இருக்குற மாவுக்கட்டு நனைஞ்சிடப் போவுதேன்னுதான் பயம். பீங்கான் பொம்மை வேலை செய்யறவளாச்சே அவ. பொம்மைக்கு அச்சு ஊத்தறதும் அந்த மாதிரி வெள்ளை மாவுலதான். ஈரம் பட்ட அச்சு எப்பிடி பொதபொதன்னு போவும்னு கையால தொட்டுப் பாத்தவ. கட்டு அப்பிடிப் போச்சுன்னா உள்ள எலும்பு கோணிக்கும், காலத்துக்கும் நொண்டிதான்னு ஆஸ்பத்திரியில நர்சம்மா வேற சொல்லி அனுப்பிருந்தாங்க.

கார்த்திகைக்கு அகல் விளக்கு லோடு ஏத்தறப்ப லாரியிலேர்ந்து வழுக்கி வுழுந்தவன் அவன். காலுக்குள்ள கம்பி, மேல கட்டு. தரையில ஊனவே கூடாதுன்னுட்டாங்க. அவங்க இருந்தது விருத்தாசலத்துக்கு வெளிய, ஓடையத் தாண்டி, மொதலாளியோட பொம்மைக் கொட்டாய்க்குப் பின்னால. ஷீட்டு போட்ட வூடு. பக்கத்துல ஒரு ஈ காக்கா கெடையாது. கொட்டாயி, விறகுச் சூளை, மண்ணுமேடு, அம்புட்டுதான்.

மத்தியானம் போனு கத்த ஆரம்பிச்சுது. கவர்மெண்டு மெசேஜு. மேக்கால மலையில பேய்மழை, திடீர் வெள்ளம் வரும், பள்ளமான எடத்துல இருக்குறவங்க கெளம்புங்கன்னு.

"போன வாரமும் இப்பிடித்தான் கத்துச்சு. அதுக்கு வேற வேலை இல்ல" அப்பிடின்னு அர்ச்சுனன் படுத்த வாக்குல சொன்னான்.

"உனக்கு மட்டும் என்னா வேலை இருக்குது மாமா, படுத்துக்கிட்டு வாய் பேசறதத் தவிர?"

சிரிச்சான். ஆனா ஷீட்டு நாலு பக்கமும் ஒழுவ ஆரம்பிச்சுட்டுது. பூங்கோதை அவ அண்ணன் காத்தவராயனுக்குப் போனு போட்டா. அவன் ஊருக்குள்ள டிராக்டர் ஓட்டறவன்.

"ஒத்தையில அவரத் தூக்க முடியாது பாப்பா. நீ மொதல்ல புள்ள துர்காவத் தூக்கிக்கிட்டு ஸ்கூலுக்கு வந்துடு. அங்கதான் எல்லாரையும் தங்க வெக்கிறாங்க. நான் ஆளுங்களப் புடிச்சுக்கிட்டு டிராக்டரோட போயி அவரக் கொண்டாந்துடறேன்."

சரி, அதுவரிக்கும் இவன எங்க வெக்கிறது? அங்க ஒரு பழக்கம் உண்டு. மழை வந்தா சுடாத பச்சப் பொம்மையும் அச்சும் மொதல்ல ஆறிப்போன சூளைக்குள்ள போயிடணும். வாசல்ல செங்கல்லு அடுக்கி சேறு பூசிட்டா, எம்மாம் மழை பேஞ்சாலும் உள்ள ஒரு பொட்டு எறங்காது. அவ காலையிலயே பொம்மையெல்லாம் கொண்டுபோயி அடுக்கிருந்தா. இப்ப புருசன தோள்ல சாச்சுக்கிட்டு, கால்ல பிளாஸ்டிக் கவரு சுத்தி, நொண்ட வெச்சு அங்கயே கூட்டிட்டுப் போனா.

"என்னாடி, பொம்மையோட பொம்மையா அடுக்கற?"

"பொம்மைன்னா வாய மூடிக்கிட்டு இருக்கும்."

சாக்கு விரிச்சு ஒக்கார வெச்சுட்டு வாசல்ல கல்லு வெக்க ஆரம்பிச்சா. இடுப்பு ஒசரம் போதும்டின்னான் அவன். சாரலு உள்ள அடிக்குது மாமான்னு சொல்லிட்டு, கழுத்து ஒசரத்துக்கு வெச்சா. சேறும் பூசுனா, வழக்கம்போல. மேல காத்துக்கு மட்டும் எடம் வுட்டா.

"அண்ணன் வந்துடுவான். தூங்கு."

புள்ளய இடுப்புல வெச்சுக்கிட்டு ஓடையோட தரைப்பாலத்துல எறங்குனப்ப தண்ணி கணுக்காலுதான். ஸ்கூலுக்குப் போயி, அண்ணன் ஆளு தெரட்டி டிராக்டர எடுத்தாந்து பாத்தா, பாலத்தயே காணோம். செவசெவன்னு தண்ணி மரத்த வேரோட உருட்டிக்கிட்டுப் போவுது. போலீஸ்காரரு கயிறு கட்டி மறிச்சுட்டாரு.

"சார், எம் புருசன் அந்தப் பக்கம் சூளைக்குள்ள இருக்காருங்க."

"சூளைன்னா கல்லுக் கட்டடந்தானம்மா. பயப்படாத. தண்ணி வடிஞ்சதும் போலாம்."

அண்ணனும் அதத்தான் சொன்னான். "மழைக்கு அத வுடப் பத்திரமான எடம் ஏது பாப்பா?"

அவளும் அப்பிடித்தான் நெனச்சா. ஸ்கூலுல சாம்பார் சோத்துப் பொட்டலம் குடுத்தாங்க. துர்காவுக்கு ஒரு வாய் ஊட்டிட்டு அடுத்த வாய் பெசையறா, கை அப்பிடியே நின்னுபோச்சு. சூளைக்குத் தீ கீழேர்ந்துல்ல போவுது. விறகு தள்ளற ஓட்டை தரையோட தரையா இருக்குது. மழை மேலேர்ந்து வரும், சரி. இந்தத் தண்ணி தரையோடதான வருது. அவனுக்குப் போனு போட்டா. சுவிச்சாஃபுன்னு வந்துச்சு. மறுபடியும் போட்டா. அப்புறம் அண்ணன் சட்டையப் புடிச்சுக்கிட்டு அழுதா. அவன் என்னா செய்வான்? தண்ணிக்கு இந்தப் பக்கம்தான நிக்கிறான்.

விடிஞ்சு தண்ணி எறங்குனதும் டிராக்டர்ல போனாங்க. வூடு இருந்த எடத்துல ஒரு ஷீட்டுகூட இல்ல. சூளை மட்டும் நின்னுச்சு, ஆளு நெஞ்சு ஒசரத்துக்கு சேத்துக் கறையோட. அவ வெச்ச கல்லு அப்பிடியே இருந்துச்சு. அண்ணன் கடப்பாறையப் போடறதுக்குள்ள இவ கையாலயே பிச்சு எறிஞ்சா.

அர்ச்சுனன் நின்னுக்கிட்டு இருந்தான். செவுத்துல முதுகக் குடுத்து, ரெண்டு காலையும் ஊனி. பச்சப் பொம்மையெல்லாம் கரைஞ்சு அவன் மேல வெள்ளவெளேர்னு ஒட்டிருந்துச்சு. கண்ணு மட்டுந்தான் ஆளுன்னு காட்டுச்சு.

அவ வாயில மொதல்ல வந்தது இதுதான். "உன்ன யாரு கால ஊனச் சொன்னது?"

"ஒக்காந்திருந்தா மூக்குக்கு மேல போயிருக்கும்டி" அப்பிடின்னான். பல்லு கெடுகெடுன்னு அடிச்சுக்குது. "கல்லத் தள்ளிப் பாத்தேன். ஒத்தக் கால்ல பலம் வரல."

அவ குனிஞ்சு கட்டத் தொட்டுப் பாத்தா. கூழாப் போயி வெரலோட வந்துச்சு.

கடலூரு பெரிய ஆஸ்பத்திரியில சேத்து, ஒரு வாரம் ஊசியும் மருந்துமாப் போச்சு. கம்பி வெச்ச எடத்துல சேத்துத் தண்ணி எறங்கி சீழ் புடிச்சுட்டுது, மேல ஏறுது, முட்டிக்குக் கீழ கால எடுத்தாத்தான் ஆளு பொழைப்பாருன்னு டாக்டரு அவள வராண்டாவுக்குக் கூப்புட்டுச் சொன்னாரு. அண்ணன் தலையில கை வெச்சு ஒக்காந்துட்டான். இவ மூஞ்சியத் தொடைச்சுக்கிட்டு வார்டுக்குள்ள போனா.

"டாக்டரு என்னா சொன்னாரு? கட்டு எப்ப மாத்துவாங்களாம்?"

"சொல்றேன் இரு மாமா" அப்பிடின்னு சொல்லிட்டு, போர்வைய இழுத்து அவன் காலு ரெண்டையும் மூடி வுட்டா.