படகுக்கு வடக்குத் தெரியாது

அன்றிரவு படகில் இருந்தவர்கள் நால்வர். ஒஸ்லோ நகரின் ஹவுகன்ஸ்டுவாப் பகுதியில் குடியிருக்கும் தவராசா, அவருடைய மனைவி கனகாம்பிகை, படகின் சொந்தக்காரர் யோசேப்பு, அவருடைய மனைவி கரோலினா. ஆவணியில் கல்யாணம் செய்யவிருந்த பிள்ளைகள், தவராசாவின் மகள் சாருகாவும் யோசேப்பின் மகன் சுபேசனும், அங்கே இல்லை. இரு வீட்டுப் பெரியவர்களும் ஓர் இரவு சேர்ந்திருந்து பழக வேண்டும் என்று யோசேப்புதான் அழைத்திருந்தார்.

"கடலிலை படுக்கிறது திருகோணமலையாருக்குப் புதுசே?" என்று தவராசா தொலைபேசியில் சொல்லிவிட்டார். உண்மையில் அவர் பள்ளிக்கூட அதிபர் ஒருவரின் மகன். வள்ளத்தில் ஏறியதெல்லாம் பகலில், சுற்றிப் பார்க்கத்தான். ஆனால் சொல்லியாயிற்று. இனி மாப்பிள்ளையின் தகப்பன் முன்னால் முகம் சுளிக்காமல் படுத்தெழும்ப வேண்டும். பெண் வீட்டின் மானம் அதில் இருந்தது.

ஒரு சின்னத் தீவின் தென்புறக் குடாவில் யோசேப்பு நங்கூரம் போட்டார். கனகாம்பிகை கொண்டுவந்த பிட்டும் மீன்குழம்பும் சட்டியோடு காலியாயின. படுக்க முன் யோசேப்பு மேல்கதவை ஒரு சாண் திறந்து வைத்தார்.

"குளிருமே, சம்பந்தி?"

"பூட்டினா எங்கட மூச்சே விடிய முகத்திலை சொட்டும்."

நடு அறையில் மேசையை இறக்கி, அதன்மேல் மெத்தை போட்டுப் பெண்கள் படுத்தார்கள். ஆண்களுக்குப் படகின் மூக்கில் இருந்த கூம்பு மெத்தை. தலை அகன்ற பக்கம், கால் கூரான பக்கம்.

தவராசா மேல்கதவால் பார்த்தார். ஆனி மாத ஒஸ்லோவில் இரவிலும் வெளிச்சம் வடக்கில் தங்கி நிற்கும். அந்த வெளிச்சம் அவருடைய தலைமாட்டில் நின்றது. வடக்கே தலைவைப்பது பிணத்துக்கு. கல்யாணத்துக்கு நாள் வைத்த வீட்டில் அப்படிப் படுப்பதா? ஆனால் யோசேப்பு வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர். இதைச் சொன்னால் தன் சமயத்தை அவர் தலையில் கட்டுவதாக நினைக்கக்கூடும்.

"மூக்குப் பக்கம் தலைவைப்பமே?"

"நெற்றி இடிக்கும். பரவாயில்லை, விருந்தாளி சொன்னாச் சரி."

இருவரும் திரும்பிப் படுத்தார்கள். தண்ணீர் தாலாட்டியது. தவராசாவுக்கு நல்ல நித்திரை வந்தது. கண் விழித்தபோது காற்று மாறியிருந்தது. நங்கூரத்தைச் சுற்றிப் படகும் அரைவட்டம் போட்டிருந்தது. வெளிச்சம் மறுபடி தலைமாட்டில்! தான் மட்டும் திரும்பினால் கால் சம்பந்தியின் முகத்துக்கு நேரே போகும். அதைவிட அவமானம் வேறில்லை. தவராசா நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

யோசேப்பு ஒரு கண்ணைத் திறந்தார். "என்ன, வயித்தைப் பிரட்டுதோ?"

"எனக்கோ? படகுக்குத்தான் இருப்புக் கொள்ளேல்லை. வடக்கை தலைவைக்குது."

யோசேப்பு வயிறு குலுங்கச் சிரித்தார். "இதுக்கோ கோயில் சிலை மாதிரி இருக்கிறியள்? எங்கட அம்மா செபமாலையோடை படுக்கிறவ. அவவும் வடக்கை தலைவைக்க விடமாட்டா! முதலே சொல்லியிருந்தாப் படகைப் பாறையிலை கட்டியிருப்பன்."

"இப்ப கட்டேலாதோ?"

"எனக்கு முழங்கால் சரியில்லை. பாறையிலை ஏற நீங்கள்தான் போகோணும்."

தவராசா சாரத்தை மடித்துக் கட்டினார். படகின் பின்னால் கட்டியிருந்த ரப்பர் தோணியில் இறங்கி, கயிற்று நுனியோடு கரைக்குப் போய், பாறையிலிருந்த இரும்பு வளையத்தில் முடிச்சுப் போட்டார். யோசேப்பு நங்கூரக் கயிற்றைப் பின்பக்கம் மாற்றி இழுத்துக் கட்டினார். மூக்கு வடக்கே கரையைப் பார்த்தபடி நின்றது. இனி எந்தக் காற்றுக்கும் படகு திரும்பாது. திரும்பி வந்த தவராசா, சம்பந்தியில் கால் படாமலிருக்க, கால்கள் சந்திக்கும் கூரான இடத்தில் ஒரு தலையணையைச் செருகினார். இருவரும் அகன்ற பக்கம், தெற்கே தலைவைத்துப் படுத்தார்கள்.

விடிய கரோலினா தேத்தண்ணியோடு வந்து எழுப்ப வேண்டியதாயிற்று.

எதிர்க்கரையில் கூடாரம் போட்டிருந்த தமிழர் யாரோ, சாரத்தோடு ஒருவர் பாறையில் ஏறியதைக் கண்டிருக்கிறார்கள். தவராசா கடலுக்குப் பயந்து படகைவிட்டு ஓடினார் என்று ஒஸ்லோவின் குறொன்லாண்ட் பகுதித் தமிழ்க் கடைகளில் இன்றும் கதைக்கிறார்கள். அது பொய். அவர் கயிறு கட்டப் போனார், கட்டினார், திரும்பி வந்து படகிலேயே படுத்தார்.