இரவல் மகள்

முடிதிருத்துபவர் வாழ்க்கையில் சொன்ன பெரிய பொய் ஒன்றே ஒன்றுதான். அதையும் வாயால் சொல்லவில்லை. அகதிகள் அலுவலகத்தில் அந்த அதிகாரி அம்மா, "பொண்ணு உங்ககூடத்தானே இருக்கா?" என்று கேட்டபோது தலையை ஆட்டினார், அவ்வளவுதான்.

ஆட்டாமல் என்ன செய்வார்? மனைவி இன்னும் குண்டு விழும் ஊரில் கிடந்தாள். சின்னப் பிள்ளை இங்கே தவித்தால்தான் தாயை உடனே வரவழைப்பார்களாம். புருஷன் மட்டும் தவித்தால் கோப்பு வருஷக்கணக்கில் தூங்குமாம். விதி எழுதிய புண்ணியவான்கள் யாரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை போலிருக்கிறது. பிள்ளையோ நடந்து வந்த வழியிலேயே காய்ச்சலில் போய்விட்டது.

முகாமில் பக்கத்து அறைத் தையல்காரி மனசு வைத்தாள். அவளுக்கும் அதே வயதில் ஒரு மகள். அதிகாரிகள் வந்தபோதெல்லாம் அந்தச் சிறுமி முடிதிருத்துபவரின் மடியில் உட்கார்ந்தாள். போனிலும் அவள்தான் பேசினாள். "அம்மா, சாப்பிட்டியா?" என்பாள். அந்தப் பக்கம், "இன்னொரு தடவை சொல்லு" என்று கேட்கும். பிறகு, "சாப்பிட்டேன் கண்ணு" என்று வரும். மனைவி உயிரோடு வந்து சேரட்டும், காலில் விழுந்தாவது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இவர் நாளைக் கடத்தினார்.

ஒருநாள் மனைவி வந்த பேருந்து முகாம் வாசலில் நின்றது. அதிகாரி அம்மா கைதட்டினார். சிறுமி சொல்லிக் கொடுத்தபடி ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். மனைவி குனிந்து, எல்லோரும் பார்க்க, அவள் நெற்றியில் முத்தம் கொடுத்தாள்.

அறைக்குள் வந்து கதவைச் சாத்தியதும் அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வாய் திறப்பதற்குள் அவளே பேசினாள்.

"முதல் தடவை போன்ல பேசினப்பவே தெரியும். பெத்தவளுக்குக் குரல் தெரியாதா?"

"அப்புறம் ஏன் ஒண்ணுமே கேக்கல?"

"கேட்டிருந்தா என்னை இங்க விட்டிருப்பாங்களா? எம்புள்ளைய ஒரு தடவை பாக்காம சாகக் கூடாதுன்னு வாயை மூடிக்கிட்டேன்."

அவள் பையைக் கீழே வைக்கவில்லை, செருப்பையும் கழற்றவில்லை.

"எந்திரிங்க. எங்க புதைச்சீங்க? கூட்டிட்டுப் போங்க."

எல்லைக்கு அந்தப் பக்கம், பேர் தெரியாத சாலையோரத்தில், அவசரமாகக் கையால் தோண்டிய குழி அது. தாண்டிப் போனால் திரும்பி வர விடமாட்டார்கள். போனாலும் அவருக்கே இடம் தெரியாது. முடிதிருத்துபவர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"ரொம்ப தூரமா?" என்று கேட்டாள் அவள்.