இன்னொரு கை

காரில் சீட் பெல்ட்டுக்கும் மார்புக்கும் நடுவில் வைத்துக்கொள்ள ஒரு குட்டித் தலையணை வந்திருந்தது. லூத்தரன் தேவாலயத்துப் பெண்கள் தைத்தது. மார்டெல் அதை மடியில் வைத்து ஆஸ்பத்திரிக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் கணவன் வெர்லின் ஜன்னலருகே நின்று கார் நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே பனியைத் தவிர ஒன்றுமில்லை.

"இடது கையால ஒரு கேலன் பால் கேனுக்கு மேல கனமா எதையும் தூக்காதீங்க," என்றாள் நர்ஸ் டெனிஸ்.

"நாங்க பால் வாங்குறதில்ல. மாட்டைத் தூக்கலாமான்னு சொல்லுங்க," என்றாள் மார்டெல்.

டெனிஸ் சிரித்தாள். வெர்லின் திரும்பவில்லை. வேறு நாளாக இருந்தால் அவன்தான் முதலில் சிரித்திருப்பான்.

இடது மார்பை எடுத்த இடத்திலிருந்து ஒரு மெல்லிய குழாய் அக்குளுக்குக் கீழே வெளியே வந்து, ஒரு ரப்பர் குமிழில் முடிந்தது. உள்ளே ஊறும் நீர் அதில் சேரும். குழாய் அடைக்காமல் காலையும் மாலையும் உருவிவிட வேண்டும். இடது கையை வீசி நீட்ட முடியாத மார்டெலுக்கு அது தனியாக ஆகாது.

"வீட்டுக்கு நர்ஸ் யாரும் வரமாட்டாங்களா?" என்றான் வெர்லின், ஜன்னலைப் பார்த்தபடியே.

"வரவைக்கலாம். அதுதான் வேணுமா?"

மார்டெல் தலையணையின் தையலை விரலால் தடவினாள். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். சொன்னால் கெஞ்சுவதுபோல் ஆகிவிடும். அவளே இன்னும் அந்த இடத்தைக் குனிந்து பார்க்கவில்லை. அவனை எப்படிப் பார்க்கச் சொல்வது?

மாட்டைத் தொடும் முன் வெர்லின் எப்போதும் உள்ளங்கைகளை உரசிச் சூடாக்கிக்கொள்வான். சில்லென்ற கை பட்டால் மாடு மிரளும் என்பான். அவளைத் தொடும் முன் மட்டும் ஒருநாளும் உரசியதில்லை. மாட்டுக்கொட்டகையிலிருந்து வந்து, குளிர்ந்த கையை அப்படியே அவள் இரவு உடைக்குள் நுழைப்பான். "போய்த் தொலை, பனிக்கட்டி," என்று அவள் திட்டுவாள். திட்டிக்கொண்டே அந்தக் கையை அழுத்திப் பிடித்துக்கொள்வாள். ஆஸ்பத்திரிப் படுக்கையில் அவள் ஏங்கியது வேறெதற்குமில்லை, அந்தக் குளிருக்குத்தான். அவன் கை வந்து தங்கும் இடம் இப்போது இல்லை. அதை அவன் எங்கே வைப்பான்?

"நானே கத்துக்குறேன்," என்றான் வெர்லின் திடீரென்று.

டெனிஸ் செய்து காட்டினாள். அவனோ குழாயைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, காம்பிலிருந்து முதல் பாலைப் பீய்ச்சுவதுபோல் ஒரே இழுப்பாகக் கீழே இழுத்தான். மார்டெலுக்கு உள்ளே சுருக்கென்றது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"இது காம்பு இல்ல, வெர்லின். தையல் பிச்சுக்கும்," என்றாள் டெனிஸ். "இன்னொரு கை எங்கே? உடம்பை ஒட்டி மேல பிடிச்சுக்கிட்டுத்தான் கீழே உருவணும்."

அந்த இன்னொரு கை அவன் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

"மேல பிடிச்சா வலிக்குமே," என்றான். "நான் தொட்டா இவளுக்கு வலிக்குமே."

மார்டெல் அவனை நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை நாளும் அருவருப்பு என்று அவள் நினைத்திருந்தது பயம்தானா?

"தொடாம இழுத்தாத்தான்யா வலிக்குது, மடையா," என்றாள்.

அவன் உள்ளங்கைகளை உரசினான், வெகுநேரம். பிறகு குனிந்து, மார்புக் கட்டின் ஓரத்தில் குழாயைப் பிடித்தான். மற்ற விரல்கள் அவள் மேல் படிந்தன. கீழ்க்கை மெல்ல உருவிக்கொண்டு போனது. வலிக்கவில்லை.

"கை குளிருதா?"

அவள் காத்திருந்தாள். சூடும் வரவில்லை, குளிரும் வரவில்லை. அங்கே தோல் மரத்துக் கிடந்தது. அவன் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறானா என்று அறிய அவள் குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. பார்த்தாள். தட்டையான கட்டு, அதன் ஓரத்தில், வெடிப்பு விழுந்த அவன் விரல்கள்.

"தெரியல," என்றாள். "அங்க இன்னும் உணர்ச்சி வரல."

அவன் கையை எடுக்கப் போனான்.

"எடுக்காதே," என்றாள் மார்டெல், பார்வையை விலக்காமல்.