குக்கரின் முன்பல்

மாதா கோயில் திருவிழாக் குலுக்கலில் ஜெயராணி ஆசைப்பட்டது ஐந்து லிட்டர் பிரஷர் குக்கருக்கு. விழுந்ததோ ஆறாம் பரிசு. அட்டைப்பெட்டிக்குள் உட்கார்ந்து இவளை முறைத்துக்கொண்டிருந்த ஒரு கினி எலி. வால் கிடையாது, காது குட்டை, உடம்பெல்லாம் பழுப்பும் வெள்ளையுமாகப் புசுபுசுவென்று மயிர். “குக்கர் கேட்டேன், இது வந்துச்சு” என்று அவள் தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்ததில் அதற்குக் குக்கர் என்றே பேர் நிலைத்துவிட்டது. மஞ்சக்குப்பத்தில் அந்தத் தெருவில் குக்கரைத் தெரியாதவர்கள் இல்லை.

இரண்டு வருடம் கழித்து, 2010இல், குக்கருக்கு முன்பல் நீண்டு வளைந்து வாயை மூடவே விடாமல் போனது. அதற்காக அந்த வீட்டில் வெட்கப்பட வேண்டிய ஆள் ஒருவன் உண்டு. ஜெயராணியின் கணவன் தேவசகாயம். அவனுக்குத் தொழிலே பல்தான். டாக்டர் இல்லை, டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புகிற பிளாஸ்டர் அச்சை வைத்துக்கொண்டு பல் செட் செய்து கொடுக்கிறவன். வீட்டின் பின்னறைதான் பட்டறை. இருபத்திரண்டு வருடமாக அவன் பார்த்ததெல்லாம் அச்சைத்தான். பல்லுக்குச் சொந்தக்காரர் கறுப்பா சிவப்பா, அந்தப் பல்லால் என்ன தின்கிறார் என்றெல்லாம் அவனுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதும் இல்லை. “அச்சு பொய் சொல்லாது” என்பான், பெருமையாக.

ஜெயராணி சிதம்பரத்தில் ஸ்டாஃப் நர்ஸ். தினம் பஸ்ஸில் போய் வருகிறவள். அங்கேதான் பவானி என்ற ஒரு இளம் கால்நடை டாக்டர் நாய், பூனை, கிளியெல்லாம் பார்க்கிறாள் என்று விசாரித்து வைத்திருந்தாள். திங்கட்கிழமை கணவனையும் அம்மா சவரியம்மாளையும் கூட்டிக்கொண்டு, குக்கரைப் பிளாஸ்டிக் கூடையில் வைத்து மடியில் ஏந்திப் போனாள். டாக்டர் மயக்க மருந்து கொடுத்து, பல்லை அளவாக வெட்டிவிட்டு வெளியே வந்து, “இதுக்கு இட்லியும் நனைச்ச பிஸ்கட்டும் குடுத்தது யாரு?” என்று கேட்டாள்.

ஜெயராணி தன் அம்மாவைப் பார்த்தாள். சவரியம்மாள் சுவரில் இருந்த நாய்ப் படத்தைப் பார்த்தாள்.

“இதுக்குப் பல்லு உசுரு இருக்கற வரைக்கும் வளந்துக்கிட்டே இருக்கும். புல்லக் கடிச்சுத் தேச்சாத்தான் அளவா நிக்கும். நீங்க மெத்து மெத்துனு ஊட்டி வளத்துட்டீங்க” என்றாள் டாக்டர். பகலில் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை முயல் தீவனத்தை ஊறவைத்து, அருகம்புல் அரைத்துச் சேர்த்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் ஊட்டச் சொன்னாள். புல்லும் கொத்தமல்லியும் நறுக்கி எப்போதும் முன்னால் வைக்கச் சொன்னாள். “வெள்ளி, சனிக்குள்ள தானா சாப்புட ஆரம்பிக்கணும். நாம ஊட்டறத வச்சே ரொம்ப நாள் ஓட்ட முடியாது, கொடல் நின்னுடும். அறுநூறு கிராமுக்குக் கீழ எறங்கிடுச்சுன்னா என்னால எதுவும் உறுதி சொல்ல முடியாதுங்க.”

மறுநாள் காலை ஜெயராணி சென்னைக்குப் போக வேண்டியிருந்தது. ஆறு நாள் டிரெயினிங், தப்பிக்க வழியில்லை. பஸ் ஏறும்போது கண் கலங்கி, “ஏங்க, என் புள்ளய பாத்துக்குங்க” என்றாள். பதினெட்டு வருடக் கல்யாணத்தில் அந்த வார்த்தையை அவள் சொல்லி அவன் கேட்டதில்லை. அவர்களுக்குக் குழந்தை இல்லை. 

ஆக, வீட்டில் மிச்சம் இருந்தது மாப்பிள்ளையும் மாமியாரும் குக்கரும். மாமனார் செத்த பிறகு காட்டுமன்னார்கோயிலிலிருந்து மகள் வீட்டுக்கு வந்து மூன்று வருடமாகியும், சவரியம்மாள் மாப்பிள்ளை முன்னால் நின்று பேசினவள் அல்ல. அவன் கூடத்துக்கு வந்தால் அவள் அடுக்களைக்குப் போய்விடுவாள். அவனுக்குச் சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்லுவாள். மகள் இல்லாவிட்டால் கதவிடம் சொல்லுவாள். அவன் எதிரில் ஒரு வாய்ச் சோறு தின்றதில்லை. அவனும் அப்படித்தான். மாமியாரின் முகத்தை நேராகப் பார்த்துப் பேசுவது மரியாதை இல்லை என்று வளர்ந்தவன். இரண்டு பேருக்கும் ஒருவர் மேல் ஒருவருக்கு மரியாதை ஜாஸ்தி. அந்த மரியாதையில் வீடு அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது.

ஆனால் கினி எலிக்கு ஒற்றை ஆளாக ஊட்ட முடியாது. ஒருவர் பிடிக்க வேண்டும், ஒருவர் சிரிஞ்சைப் பிடிக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குத் தேவசகாயம் தனியாக முயன்று, சட்டையெல்லாம் பச்சைக் கூழ் ஆனதும், கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

“நான் வேணா புடிக்கட்டுமா?”

வந்தாள். தரையில் காலை நீட்டி உட்கார்ந்தாள். நாலு பிள்ளை பெற்று வளர்த்த கை, யோசிக்கவே இல்லை. குக்கரை வாங்கி, கைக்குழந்தைக்குப் பாலாடையில் மருந்து புகட்டுகிற மாதிரி, நீட்டிய காலில் மல்லாக்கப் போட்டு, சிரிஞ்சை வாயில் வைத்து ஒரே அழுத்து. குக்கர் திணறியது. மூக்கில் கூழ் வந்தது. நாலு காலும் விறைத்துக்கொண்டன.

“அத்த, நிமுத்துங்க! நிமுத்துங்க!” என்று தேவசகாயம் கத்தினான். மூன்று வருடத்தில் அவளிடம் அவன் சத்தமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. பிடுங்கி நிமிர்த்தித் துண்டால் மூக்கைத் துடைத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். அது இரண்டு தும்மல் போட்டு, மூச்சு விட்டது.  “பாவி, கொல்லப் பாத்தேனே” என்று சவரியம்மாள் அழுதுவிட்டாள்.  “பரவால்ல அத்த. நான் புடிக்கறேன், நீங்க சொட்டுச் சொட்டா ஊட்டுங்க” என்றான்.

அதிலிருந்து ஒரு நாளைக்கு ஐந்து தடவை இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார வேண்டியதாயிற்று. அவன் துண்டில் சுற்றிப் பிடிப்பான். அவள் வாயோரத்தில் சிரிஞ்சை வைத்து, “ஆ... எங் கண்ணு, ஒரு வாய், மாதாவே, முழுங்கிடு” என்று பேசிப் பேசி ஊட்டுவாள். பேச்செல்லாம் எலியோடு மட்டும்தான். ஆனாலும் மாமியார் இவ்வளவு பேசுவாள் என்பது தேவசகாயத்துக்குப் புதுச் செய்தி.

ஊட்டினால் விழுங்கியது. தானாகத் தின்னத்தான் இல்லை. தினம் சாயங்காலம் கூடையைத் தூக்கிக்கொண்டு சாமிக்கண்ணு மளிகைக்குப் போய் எலக்ட்ரானிக் தராசில் வைப்பான். கடைக்காரர், “துவரம்பருப்புக்கு அப்புறம் ஒங்க எலிதான் சார் நம்ம தராசுல ஜாஸ்தி ஏறுது” என்று கிண்டல் செய்தார். புதன் அறுநூற்று எழுபது. வியாழன் அறுநூற்று நாற்பது. வெள்ளிக்கிழமை மனசு பொறுக்காமல் காலையிலேயே கொண்டுபோய் வைத்தான், அறுநூற்றுப் பதினைந்து. அன்று கடைக்காரரும் கிண்டல் செய்யவில்லை.

தேவசகாயம் பட்டறை வேலையைத் தொடவே இல்லை. இரண்டு டாக்டர்கள் போன் செய்து செட் கேட்டார்கள். வீட்டில் ஒருத்தருக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னான். டாக்டரம்மா நறுக்கிப் போடச் சொன்னாள் அல்லவா, இவன் பல் வேலைக்காரன், நறுக்கினால் சும்மா நறுக்குவானா? அருகம்புல்லையும் மல்லித்தழையையும் கத்தரிக்கோலால் கடுகு கடுகாக வெட்டித் தட்டில் பரப்பி வைத்தான். குக்கர் ஆசையாக ஓடி வரும். மூக்கைத் தட்டில் வைக்கும். தாடை ஆடும். தலையைத் தூக்கினால் வாயில் ஒன்றும் இருக்காது, மூக்கில் மட்டும் நாலு பச்சைப் புள்ளி ஒட்டியிருக்கும். மறுபடி குனியும். நாலைந்து தடவை அப்படிச் செய்துவிட்டு மூலையில் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடும்.

அந்த முதுகைப் பார்க்க அவனால் முடியவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் பட்டறைத் தரையில் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான். மயிருக்குள் விரலை விட்டால் எலும்பு தட்டியது. ‘என் புள்ள’ என்று சொல்லிவிட்டுப் போனவளுக்கு என்ன பதில் சொல்வது? நாற்பத்தாறு வயது ஆம்பளை, ஒரு எலிக்காக அழுதான். அதில் அவனுக்கு வெட்கமாகவும் இல்லை.

“வலிக்குது போல, அதான் விட்டுட்டு விட்டுட்டுப் போவுது” என்றான், பொதுவாக.

“வலி இல்ல” என்றது கதவு.

“பின்ன?”

“பசி அடங்காமத்தான ஓடி ஓடி வருது. அதுக்கு முன்பக்கமா கடிக்க வரல. வெட்டுனதுல மேல் முன்பல்லும் கீழ் முன்பல்லும் ஒண்ணோட ஒண்ணு சேரல. நீங்க பொடி பண்ணிப் போட்டா அது எதக் கொண்டு எடுக்கும்?”

உள்ளே வந்துவிட்டாள். உட்கார்ந்தாள். புல்லுக்கட்டிலிருந்து நறுக்காத அருகம்புல் ஒன்றை, நீளமாக, அப்படியே எடுத்தாள். முன்பல் பக்கமே போகாமல், கடைவாயோரமாக, பின்பல்லில் படுகிற மாதிரி மெல்ல நுழைத்தாள். குக்கர் அசையாமல் இருந்தது. பிறகு தாடை ஒரு தடவை ஆடியது. இன்னொரு தடவை. பிறகு நிற்கவில்லை, நறநறவென்று சத்தம் கேட்டது. புல் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய், நுனியும் போய், வாய் அடுத்ததைத் தேடி அவள் விரலை மோந்தது. இன்னொரு புல். இன்னொன்று. கொத்தமல்லித் தண்டு. வெள்ளரிக்காயைக் கீற்றுக் கீற்றாக அரிந்து அதையும் ஓரமாகக் கொடுத்தாள். பதினொன்று வரைக்கும் தேவசகாயம் எண்ணினான், அப்புறம் கண் மறைத்தது.

“எப்டி அத்த ஒங்களுக்குத் தெரிஞ்சுது?”

அவள் இருந்த சந்தோஷத்தில் வாய் தவறிவிட்டது. “ரெண்டு வருசமா நானும் அப்படித்தான மாப்ள சாப்புடறேன்” என்றாள்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இரண்டு வருடம் முன்னால், தெரிந்த டாக்டர் அளவெடுத்துக் கொடுத்த அச்சை வைத்து அவளுக்குப் பல் செட் செய்தது தேவசகாயம்தான். ஒரு வாரம் கண் விழித்து, மற்ற எல்லா வேலையையும் ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு பல்லாகப் பார்த்து வைத்த செட். போட்டுப் பார்த்த அன்று அவன் காலண்டரைப் பார்த்துக்கொண்டு, “சரியா இருக்கா அத்த?” என்று கேட்டான். அவள் முந்தானைக்குள்ளிருந்து, “ரொம்ப நல்லாருக்கு மாப்ள” என்றாள். அவ்வளவுதான் பரிசோதனை. வேறு யாராவது என்றால் டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லி, நீலத்தாளைக் கடிக்கச் சொல்லி, எங்கே முட்டுகிறது என்று குறித்துத் திருப்பி அனுப்பியிருப்பார். மாமியார் வாயைத் திறந்து காட்டச் சொல்லி மாப்பிள்ளை எப்படிக் கேட்பது?

“ஏன் அத்த சொல்லல?”

“பொண்ணு வீட்ல வந்து ஒக்காந்துக்கிட்டு, மாப்ள கையால செஞ்ச பல்லக் கொற சொல்லுவாங்களா? நீங்க தூக்கம் முழிச்சு செஞ்சீங்க. எனக்கென்ன, இட்லி இருக்கு, பிஸ்கட்ட டீயில நனைச்சா போவுது. ஒத்தையா திங்க ஒரு மாதிரி இருக்கும், இதுக்கும் ஒரு வாய் குடுப்பேன்.”

தேவசகாயம் சுவரில் சாய்ந்துகொண்டான். அலமாரியில் வரிசையாக இருந்த பிளாஸ்டர் அச்சுகள் இவனைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி இருந்தன. குக்கரின் பல் வளர்ந்ததற்கும் ஆதிகாரணம் தான்தான் என்று புரிந்தது. எழுந்து கையைக் கழுவினான். நீலத்தாளை எடுத்து வந்து மாமியார் எதிரில் உட்கார்ந்தான்.

“வாயத் தொறங்க அத்த.”

“அய்ய, போங்க மாப்ள.”

“நாலு நாளா எலி வாயப் பாத்துக்கிட்டு கெடக்கறேன். பெத்தவ மாதிரி வீட்ல இருக்கறவங்க வாய ஒரு நாளும் பாக்கல. தொறங்க.”

அவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, ஊசி போட்டுக்கொள்கிற பிள்ளை மாதிரி வாயைத் திறந்தாள். தாளை வைத்துக் கடிக்கச் சொன்னான். கடித்ததும் செட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தான். வலப்பக்கம் கடைசிப் பல் இரண்டில் மட்டும் அடர்த்தியாக நீலம். அவை முந்திக்கொண்டு முட்டின. முன்பல் ஒன்றையொன்று தொடவே இல்லை. அந்த இரண்டையும் அரத்தால் கொஞ்சம் தேய்த்தான், அவளுக்குப் போட்டுப் பார்த்தான், மறுபடி தேய்த்தான். அரை மணி நேர வேலை. அந்த அரை மணி நேர வேலைக்காக ஒரு மனுஷி இரண்டு வருடம் காத்திருந்தாள், காத்திருப்பதாகக் காட்டிக்கொள்ளாமலேயே.

ஜெயராணி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல், “ஏங்க, தானா சாப்புடுதா?” என்று கேட்டுக்கொண்டே உள்ளே நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கூடத்தில் கணவனும் அம்மாவும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் குக்கர் ஒரு நீளப் புல்லை ஓரவாயில் வைத்து இழுத்துக்கொண்டிருந்தது. அம்மா கையில் முழுசாக ஒரு கொய்யாக்காய், பழுக்காதது, பச்சையாக.

“அறுநூத்தி நாப்பத்தஞ்சு கிராம்” என்றான் தேவசகாயம். “அது பொழச்சுக்கும். நீ செத்த பேசாம ஒக்காரு, அத்த கடிக்கப் போறாங்க.”

சவரியம்மாள் மகளைப் பார்த்தாள், மாப்பிள்ளையைப் பார்த்தாள், கொய்யாவை முன்பல்லில் வைத்துக் கடித்தாள். நறுக்கென்று ஒரு சத்தம். வாய் நிறைய மென்றுகொண்டே கடித்த இடத்தைத் திருப்பி மாப்பிள்ளையிடம் நீட்டினாள். மேல் வரிசை, கீழ் வரிசை, இரண்டின் தடமும் அதில் சுத்தமாகப் பதிந்திருந்தது. அவன் அதை வாங்கி, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ரொம்ப நேரம் பார்த்தான்.