மூன்றரை நிமிடப் படம்

பொம்மைக்காரி என்பது தம்பி வைத்த பட்டம். வீட்டிலும் தெருவிலும் அதுவே நிலைத்துவிட்டது. நோயாளிகளுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் வைத்தியத்தைப் புரியவைக்கும் அனிமேஷன் படங்கள் செய்வது அவள் வேலை. சிறுநீரகம் இரத்தத்தை எப்படிச் சுத்தம் செய்கிறது, கண்புரையை எப்படி எடுப்பார்கள் என்று பதினோரு வருஷமாக வரைந்து தள்ளியிருந்தாள். "எங்க அக்கா ஈரலுக்கே பெயின்ட் அடிக்கிறவ" என்று தம்பி பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான். அவன் லிஃப்ட் மெக்கானிக்.

ஒரு செவ்வாய்க்கிழமை, ஏழாவது மாடியில் வேலையாக இருந்தவன், தலையை வலிக்கிறது என்று கூட்டாளியிடம் சொல்லிவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்தான். அப்படியே சாய்ந்துவிட்டான். மூளையில் இரத்தக்குழாய் ஒன்று வெடித்திருந்தது. முப்பத்துநாலு வயசு.

வியாழக்கிழமை காலை ஆஸ்பத்திரியில், மூச்சு மெஷின் ஓடிக்கொண்டிருக்க, நர்ஸ் அவன் இமையைத் தூக்கி டார்ச் அடித்தபோது பொம்மைக்காரி பக்கத்தில் நின்றிருந்தாள். கண்மணி சுருங்கவில்லை. அடுத்த கண்ணும் அப்படித்தான். காலையில் ஒரு பரிசோதனை, ஆறு மணி நேரம் கழித்து இன்னொன்று என்றார்கள். எதற்காக இரண்டு முறை என்று அவளுக்குத் தெரியும்.

அம்மாவுக்குத் தெரியாது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மகனைத் திட்டிக்கொண்டே இருந்தாள். "எழுந்திருடா. மூணு நாளா இப்படிக் கிடந்தா உன் வேலையை யார் பார்ப்பா? சின்ன வயசுல ஸ்கூலுக்குப் போகாம நடிச்சியே, அந்த மாதிரி நடிக்காதே." திட்டினால் எழுந்துவிடுவான் என்று யாரோ அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். நாள் முழுக்க வாய் ஓயவில்லை. டாக்டர் சொல்ல வேண்டியதை நான் எதற்குச் சொல்ல வேண்டும் என்று பொம்மைக்காரி தனக்குத்தானே சாக்குச் சொல்லிக்கொண்டு வராந்தாவுக்கும் கட்டிலுக்குமாக நடந்தாள்.

மூன்று மணிக்கு இருவரையும் ஒரு சின்ன அறைக்குக் கூப்பிட்டார்கள். டாக்டர் இளம்பெண். சரியாகத் தூங்கிப் பல நாள் ஆனது போல் கண்கள் சிவந்திருந்தன.

"அம்மா, ரெண்டு டெஸ்ட்டும் முடிஞ்சுது. உங்க மகனோட மூளை முழுசா நின்னுபோச்சு. இனிமே அது திரும்பாது. அவர் இறந்துட்டார்மா."

"நெஞ்சு ஏறி இறங்குதே."

"அது மெஷின்மா. ஒரு சின்னப் படம் இருக்கு, பாருங்க. புரியும்."

டாக்டர் டேப்லெட்டை அம்மா பக்கம் திருப்பினாள். பக்கவாட்டில் ஒரு முகத்தின் கோட்டுருவம் வந்தது. மூன்று வருஷத்துக்கு முன் பொம்மைக்காரி செய்த படம். மூளையின் வெளிச்சம் பகுதி பகுதியாக மங்கும் இடத்துக்கு எந்த நிறம் என்று மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாள். கறுப்பு பயமுறுத்தும், சாம்பல் போடுங்கள் என்றது நிபுணர் குழு. அவள் அடித்த சாம்பல் இப்போது அம்மாவின் கண்முன்னே பரவியது.

படம் முடிந்தது. அம்மா டேப்லெட்டைத் தள்ளி வைத்தாள்.

"யாரு இதைச் செஞ்சது? லைட்டு அணையற மாதிரி காட்டறாங்க, சரி. அவன் கை சூடா இருக்கு. கன்னம் சூடா இருக்கு. அதைப் பத்தி ஒரு வார்த்தை இல்லையே."

சூடான கையின் காட்சியையும் பொம்மைக்காரி வரைந்திருந்தாள். படம் நீளமாகிறது என்று குழு சொன்னதும், மறுபேச்சில்லாமல் வெட்டி எறிந்தவளும் அவள்தான்.

"நான்தாம்மா செஞ்சேன்."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தாள். பொம்மைக்காரி மேஜையில் கிடந்த காகிதத்தை இழுத்துப் பேனாவை எடுத்தாள். அவசரத்தில் கோடு கோணலாக விழுந்தது.

"இது இதயம்மா. துடிக்கச் சொல்லி மூளை இதுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காத்து கிடைச்சா தானாவே துடிக்கும். காத்தை மெஷின் தருது. அதனால ரத்தம் ஓடுது, உடம்பு சூடா இருக்கு. ஆனா இங்க பாரு, மண்டை ஓட்டுக்குள்ள, மூளைக்கு மட்டும் ரத்தம் போகலை."

"மெஷினை எடுக்காம வச்சிருந்தா?"

"சில நாள்ல இதயமும் நின்னுடும்மா. அவன் வர மாட்டான்."

அம்மா அந்தக் கோணல் கோடுகளையே பார்த்திருந்தாள். பிறகு கேட்டாள்: "உனக்கு எப்பத் தெரியும்?"

"காலையில."

"காலையிலேயே சொல்லியிருக்கலாமேடி." அம்மாவின் குரல் உயரவில்லை. "நான் பகல் பூரா அவனைத் திட்டிட்டே இருந்தேனே."



உறுப்புகளைக் கொடுக்கிறீர்களா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றாள் அம்மா. மகள் வற்புறுத்தவில்லை. மெஷினை நிறுத்தும்போது அம்மா அவன் நெஞ்சில் கை வைத்தபடி நின்றாள். துடிப்பு அடங்கியது. அதன் பிறகும் கையை எடுக்கவில்லை. நர்ஸ் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

பதினைந்து நாள் கழித்து பொம்மைக்காரி வேலைக்குப் போனாள். அந்தப் படத்தைத் திரும்பச் செய்யப் போவதாக மேனேஜரிடம் சொன்னாள். அவர் மறுக்கவில்லை. சூடான கை, தானாகத் துடிக்கும் இதயம், எல்லாவற்றையும் சேர்த்தாள். மெஷின் நின்ற பின் ஒரு தாய் மகன் நெஞ்சில் கை வைப்பதாகக் கடைசிக் காட்சி.

இரண்டு மாதமாக வீட்டில் அம்மா அவளிடம் தேவைக்கு மேல் பேசவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, லேப்டாப் திறந்திருந்தபோது, தானாகவே வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். முதலிலிருந்து கடைசி வரை பார்த்தாள்.

"அந்தம்மா இவ்வளவு சீக்கிரம் கையை எடுக்க மாட்டா" என்றாள்.

"எவ்வளவு நேரம்மா வைக்கணும்?"

அம்மா யோசித்தாள். "எனக்கு எப்படித் தெரியும்? நான் மணி பார்க்கலையே." சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுகைச் சத்தம் கேட்டது. இத்தனை நாளில் இன்றுதான் அம்மா அழுதாள்.

பொம்மைக்காரி கதவைத் தட்டவில்லை. அறை வாசலிலேயே தரையில் உட்கார்ந்து காத்திருந்தாள்.